டான் போனேயின் கிரிப்டோகிராஃபி 1: அசைன்மென்ட்டைச் செய்வதாக இருந்தால் மட்டும் சேருங்கள்

கோர்செரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 'கிரிப்டோகிராஃபி 1' கோர்ஸை, அதாவது செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி சாவி போட்டுப் பூட்டுவது பற்றிய கோர்ஸை, முடித்துவிட்டு எழுதுகிறேன். நடத்துபவர் அங்கே பேராசிரியரான டான் போனே. கோர்செரா ஆரம்பித்த 2012லேயே வந்த கோர்ஸ் இது. இத்தனை வருடம் கழித்தும், கிரிப்டோகிராஃபி படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்டால் பலரும் முதலில் இதைத்தான் கைகாட்டுகிறார்கள். சரியாகத்தான் கைகாட்டுகிறார்கள் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ப்ரோகிராமிங் அசைன்மென்ட்டுகளை விட்டுவிட்டு வீடியோவை மட்டும் பார்ப்பதாக இருந்தால், இதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம். கோர்ஸில் அவற்றுக்கு 'கட்டாயமல்ல' என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் பலருக்கும் இந்தச் சப்ஜெக்ட் ஏற்கெனவே ஒரு பேப்பராக வந்திருக்கும். டெஸ் என்ற பழைய பூட்டும் முறையின் 16 சுற்றுகளைப் படம் போட்டு விளக்கு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு சாவியால் பூட்டும் ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு சின்ன பகா எண்ணை எடுத்துக் கணக்குப் போடு, இப்படித்தான் பரீட்சை இருக்கும். படமும் மனப்பாடம் ஆகிவிடும், மார்க்கும் வந்துவிடும், ஆனால் டெஸ்ஸை ஏன் இப்போது யாரும் தொடுவதில்லை என்பதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாமலே வெளியே வந்துவிடுவோம். போனே அந்த 16 சுற்றுகளையும் சொல்கிறார், ஆனால் அங்கே நிற்பதில்லை. சாவியின், அதாவது பூட்டவும் திறக்கவும் பயன்படும் ரகசிய எண்ணின், நீளம் 56 பிட்தான், அதுதான் விஷயம் என்று நேராக அங்கே போகிறார். 1998இல் இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் சுமார் 2,50,000 டாலர் செலவில் ஒரு இயந்திரம் கட்டி, சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே மூன்று நாளுக்குள் சாவியைக் கண்டுபிடித்தது. 2006இல் ஜெர்மனியின் போகும் (Bochum), கீல் (Kiel) பல்கலைக்கழகத்துக்காரர்கள் 120 எஃப்பிஜிஏ சிப்புகளை (வேலைக்கேற்ப உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் சிப்புகள்) வைத்து, சுமார் 10,000 டாலர் செலவில், ஒரு வாரக் கணக்கில் அதையே செய்து காட்டினார்கள். சாவியின் நீளம் ஏன் 128 பிட்டாவது இருக்க வேண்டும் என்பது இதற்கு அப்புறம் யாருக்கும் மறக்காது.

இந்தக் கோர்ஸின் உண்மையான பலம் எது என்றால், 'பாதுகாப்பானது' என்ற சொல்லை அவர் சும்மா விடுவதே இல்லை. எந்த முறையை எடுத்தாலும் முதலில் ஒரு விளையாட்டு வைக்கிறார். தாக்குபவர் இரண்டு செய்திகளைக் கொடுக்கிறார், எதிர்த்தரப்பு அதில் ஒன்றை மட்டும் என்கிரிப்ட் செய்து, அதாவது சாவியால் பூட்டி, திருப்பித் தருகிறது, எது என்று தாக்குபவரால் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சமாவது நன்றாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறோம். முடியாது என்று நிரூபித்தால்தான் அது பாதுகாப்பு. அதே விளையாட்டில் தாக்குபவருக்குக் கூடுதல் சலுகை கொடுத்தால், அதாவது தனக்கு வேண்டிய செய்திகளையும் என்கிரிப்ட் செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், நேற்று வரை பாதுகாப்பாக இருந்தது இன்று இல்லை என்று ஆகிவிடும். முதல் இரண்டு வாரம் இது கொஞ்சம் தத்துவம் மாதிரித்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சிக் கட்டுரை எதை எடுத்தாலும் இந்த மொழியில்தான் இருக்கும். இது பழகாமல் கட்டுரைகளுக்குள் நுழையவே முடியாது.

இனி அசைன்மென்ட். முதல் வாரத்தில் 11 மறைசெய்திகள், அதாவது பூட்டிய செய்திகள், கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சாவியில், ஒரே ஸ்ட்ரீம் சைஃபரில் பூட்டியிருக்கிறார்கள், கடைசிச் செய்தியைப் படிக்க வேண்டும். ஸ்ட்ரீம் சைஃபர் என்றால் சாவியிலிருந்து வரும் பைட்டுகளைச் செய்தியோடு எக்ஸார் செய்வது; எக்ஸாரில் இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. இரண்டு மறைசெய்திகளை எக்ஸார் செய்தால் சாவி காணாமல் போய்விடும், மிஞ்சுவது இரண்டு மூலச் செய்திகளின் எக்ஸார். வழி சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளியில் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீட்டில் இடைவெளிக்கு 32, ஆங்கில எழுத்துகள் எல்லாம் 64க்கு மேலே. எழுத்தோடு எழுத்தை எக்ஸார் செய்தால் அந்த 64 அடிபட்டுப் போகும், எழுத்தோடு இடைவெளியை எக்ஸார் செய்தால் அடிபடாது, அதோடு சிறிய எழுத்து பெரிய எழுத்தாகவும் பெரியது சிறியதாகவும் மாறி நிற்கும். ஆக 64க்கு மேல் ஒரு மதிப்பு தெரிந்தால் அங்கே ஏதோ ஒரு செய்தியில் பெரும்பாலும் இடைவெளி இருக்கிறது. மற்றப் பத்துச் செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தச் செய்தியில் என்பதும் தெரிந்துவிடும், அந்த இடத்துச் சாவி பைட் கைக்கு வந்துவிடும். அரைகுறையாக வார்த்தைகள் தெரிய ஆரம்பிக்கும்போது மீதியை ஊகித்தே நிரப்பலாம். ஒரு சாவியை இரண்டு தடவை பயன்படுத்தாதே என்று வீடியோவில் அவர் எத்தனை முறை சொன்னாலும், இதைச் செய்து பார்க்கும்போது உறைக்கிற மாதிரி உறைக்காது. பழைய வைஃபையில் இருந்த வெப் (WEP) என்ற பாதுகாப்பு முறை கவிழ்ந்ததற்கும் இது ஒரு காரணம். அதில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (அனுப்பும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும்) சாவியோடு சேர்க்கும், மாறும் எண் 24 பிட்தான், சுமார் 1.6 கோடி ஃப்ரேம் போனதும் பழைய எண்ணே திரும்ப வந்தாக வேண்டும்.

நான்காவது வாரம்தான் இந்தக் கோர்ஸின் உச்சம். பேடிங் ஆரக்கிள் தாக்குதல், 2002இல் செர்ஜ் வோடனே கண்டுபிடித்தது. பேடிங் என்பது செய்தியின் நீளத்தைச் சரிக்கட்டக் கடைசியில் சேர்க்கும் பைட்டுகள்: ஒன்று என்றால் 01, இரண்டு என்றால் 02 02. ஒரு சர்வர் இருக்கிறது, அதற்கு மறைசெய்தியை அனுப்பினால் பேடிங் தப்பு என்றால் 403, பேடிங் சரி ஆனால் செய்தி தப்பு என்றால் 404 என்று பதில் வரும். சர்வர் வேறு எதையும் சொல்வதில்லை. இந்த ஒரு சின்ன வித்தியாசத்தை வைத்து, சாவியே தெரியாமல், முழுச் செய்தியையும் படித்துவிடலாம். செய்தியை 16 பைட் பிளாக்குகளாக வெட்டிப் பூட்டும் சிபிசி முறையில் ஒரு பிளாக்கைத் திறக்கும்போது அதற்கு முந்தைய மறைபிளாக்கோடு எக்ஸார் செய்வார்கள் இல்லையா, அந்த முந்தைய பிளாக்கின் கடைசி பைட்டை நாம் மாற்றி அனுப்புகிறோம். கடைசி எழுத்து இதுவாக இருக்கும் என்று ஒரு ஊகம், அது சரியென்றால் திறந்ததும் அங்கே 01 வரும்படி மாற்றுகிறோம். ஊகம் சரி என்றால் சர்வர் 403ஐ விட்டு 404 சொல்லும். ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 256 முயற்சி. அடுத்து 02 02, அப்புறம் 03 03 03, இப்படியே 16 பைட்டும். டெஸ்ஸுக்குப் பதிலாக வந்த ஏஇஎஸ்ஸின் சாவியைத் தேடினால் பிரபஞ்ச ஆயுள் போதாது, இங்கே ஒரு பிளாக்குக்கு 4096 முறை கேட்டாலே போதும். ப்ரோகிராம் ஓடும்போது வாக்கியம் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெளியே வரும், அதை ஒரு முறை திரையில் பார்த்தவர்கள் தன் கோடில் 'பேடிங் எரர்' என்று தனியாக ஒரு செய்தி எழுத மாட்டார்கள். இந்த வீடியோக்கள் எடுத்து இரண்டு வருடம் கழித்து, 2014இல், பிரவுசருக்கும் வெப்சைட்டுக்கும் நடுவே பாதுகாப்புத் தந்த எஸ்எஸ்எல் 3.0ஐ வீழ்த்திய பூடில் தாக்குதல் வந்தது. இந்த அசைன்மென்ட்டைச் செய்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதும்.

மற்ற வாரங்களும் சோடை இல்லை. ஐந்தாவது வாரத்தில் 2இன் 40ஆம் அடுக்கு வரைக்கும், அதாவது ஒரு லட்சம் கோடிக்கும் மேலான எண்களுக்குள், ஒளிந்திருக்கும் ஒரு அடுக்கை (ஒரு எண்ணை அதாலேயே எத்தனை தடவை பெருக்கினார்கள் என்பதை) பத்து லட்சத்துச் சொச்ச வரி அட்டவணை ஒன்றை வைத்துப் பிடிக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் ஆர்எஸ்ஏவின் இரண்டு பகா எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெறும் வர்க்கமூலம் எடுத்தே உடைக்கலாம் என்று காட்டுகிறார்.

ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசைப்படுபவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. எது இன்னும் யாருக்கும் தெரியாது என்பதை அவர் பாடத்துக்கு நடுவிலேயே சொல்லிக்கொண்டு போகிறார். சாவிப் பரிமாற்றம், அதாவது மற்றவர்கள் ஒட்டுக்கேட்டாலும் இரண்டு பேர் ஒரே ரகசியச் சாவிக்கு வருவது, பற்றிய பாடத்தில் 1974இல் ரால்ஃப் மெர்க்கல் மாணவராக இருக்கும்போது யோசித்த புதிர் முறையில் தொடங்கி, 1976இன் டிஃபி-ஹெல்மன் முறை வரைக்கும் வருகிறார். ஒரே சுற்றில் இரண்டு பேர் ஒரே ரகசியச் சாவிக்கு வர டிஃபி-ஹெல்மன் போதும், மூன்று பேருக்கு அன்டுவான் ஜூ 2000இல் வழி கண்டுபிடித்தார், நான்கு பேர் என்றால்? அது திறந்த கேள்வி என்று சொல்லி நிறுத்துகிறார். பின்னால் 2013இல், இதே ஜூவுக்கும் போனேவுக்கும் மேத்யூ ஃபிராங்க்ளினுக்கும் சேர்த்துத்தான் கணினியியல் கோட்பாட்டுக்கான கோடெல் பரிசு கிடைத்தது. அந்தக் கேள்விக்குள் தானே வேலை செய்கிற ஒருவரிடமிருந்து முதல் பாடம் கேட்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இனி குறைகள். ரொம்ப வேகமாகப் பேசுகிறார். முக்கால் வேகத்தில் வைத்தும் பல இடங்களில் நிறுத்தி நிறுத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. நிகழ்தகவு நன்றாக வராதவர்கள் முதல் வாரத்திலேயே திணறுவார்கள். எண்கோட்பாட்டை ஐந்தாவது வாரத்தில் அவரே ஆரம்பத்திலிருந்து சொல்லித்தருகிறார், அதற்குப் பயப்பட வேண்டாம். பெரிய குறை, டிஜிட்டல் கையொப்பம், அதாவது செய்தி இன்னாரிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் முறை, இதில் இல்லை. இன்றைக்கு ஒரு வெப்சைட்டின் சான்றிதழ் தொடங்கி மொபைல் அப்டேட் வரை எல்லாமே கையொப்பத்தில்தான் நிற்கிறது, அது இல்லாமல் அடிப்படைக் கோர்ஸ் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நீள்வளைவு (elliptic curve) கணிதத்தை வைத்துச் செய்யும் கிரிப்டோகிராஃபியும் பேருக்குத்தான். இதெல்லாம் இரண்டாம் பாகத்தில் வரும் என்றார்கள், அதன் தேதி வருடக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வயதும் தெரிகிறது: எஸ்எஸ்எல்லின் வாரிசான டிஎல்எஸ்ஸில் 2018இல் வந்த 1.3 கிடையாது, குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் தாங்கும் என்று அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட புதிய தரங்கள் பற்றி எதிர்பார்க்கவே முடியாது. அடிப்படை மாறவில்லை என்பதால் பாடம் கெட்டுப்போகவில்லை, ஆனால் இதை முடித்த கையோடு வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

வேறு எதைப் பார்க்கலாம் என்றால், போகும் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டாஃப் பார் (Paar) நடத்திய வகுப்புகள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. கரும்பலகையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு நிதானமாக, ஏஇஎஸ்ஸின் உள்ளே பைட் பைட்டாக இறங்கி நடத்துவார். டெஸ்ஸை உடைத்த அந்த 120 சிப் இயந்திரமே அவருடைய குழு சம்பந்தப்பட்டதுதான். போனேயின் வேகம் ஒத்துவராதவர்கள் அங்கே தொடங்கலாம், கையொப்பமும் நீள்வளைவும் அதில் வருகின்றன. ஐஐடிகளின் வீடியோப் பாடத் தளமான என்பிடெல்லில் கரக்பூர் ஐஐடியின் தேப்தீப் முகோபாத்யாய் நடத்தும் வகுப்புகளும் உண்டு. நிரூபணம் வேண்டும், உடைத்துப் பார்க்கவும் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் மட்டும் போனே.

செலவைப் பொறுத்தவரை, சான்றிதழ் வேண்டும் என்றால் பணம் கட்ட வேண்டும், வசதி இல்லாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இலவசமாக எவ்வளவு பார்க்கலாம் என்பதை கோர்செரா அவ்வப்போது மாற்றுகிறது, சேருமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழைவிட நீங்கள் எழுதிய பேடிங் ஆரக்கிள் கோடைக் கையில் வைத்திருப்பது பிரயோஜனம். பைத்தான் ஓரளவு தெரிந்தால் போதும். போனேயும் விக்டர் ஷூப்பும் சேர்ந்து எழுதிய பெரிய பாடப்புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆறாவது வாரம் முடிந்ததும் அதில் கையொப்பம் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து உட்காருங்கள், அதே விளையாட்டு, அதே தாக்குபவர், கோர்ஸ் விட்ட இடத்திலிருந்து தடையில்லாமல் போகும்.