தென்னாப்பிரிக்காவின் மிட்லண்ட்ஸ் பக்கம் மரக்கட்டை வீடு கட்டப்போகிறவர்கள், கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் டர்பனில் சாட்ஸ்வொர்த் கோவிலில் தெரிந்தவர் ஒருவர் கைபேசியை நீட்டி, "லாக் ஹோம் கட்டலாம்னு இருக்கோம், விலை பரவாயில்லையா அண்ணா?" என்று கேட்டார். எங்களுக்கு வீடு கட்டித்தந்த கம்பெனி காட்டிய அதே நான்கு பக்கம், அதே வண்ணப் படங்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவரிடம் சொன்னதைத்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நாங்கள் ஒப்பந்தம் போட்டது 2021 மார்ச்சில். நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த மனை. 72 சதுர மீட்டரில் முழுக் கட்டைச் சுவர் வீடு, 11 லட்சம் ரேண்ட். அதில் 70 சதவீதம் முன்பணம். கம்பெனியிலிருந்து வந்தவர் மரியாதையாகப் பேசினார். நகராட்சி அனுமதி பற்றிக் கேட்டேன். "கான்கிரீட் அஸ்திவாரம் கிடையாது, மரக்கால்மேல் நிற்கிற வீடு. கழற்றி மாற்றிவிடலாம். அதனால் பிளான் அப்ரூவல் தேவையில்லை" என்றார்.

இது பச்சைப் பொய். தென்னாப்பிரிக்காவின் 1977-ஆம் ஆண்டு 103-ஆம் எண் கட்டிடச் சட்டத்தில் 'கட்டிடம்' என்பதற்கான விளக்கத்திலேயே, தற்காலிகமானாலும் நிரந்தரமானாலும், எந்தப் பொருளால் கட்டினாலும் என்று எழுதியிருக்கிறது. எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒரு கட்டையைக்கூட நட முடியாது. அனுமதி ஒன்றும் ஆகாத காரியமும் இல்லை. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டிடம் என்றால் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அனுமதிக்குப் போனால் ஒழுங்கான வரைபடம் கொடுக்க வேண்டும், தகுதியுள்ளவர் கையெழுத்து வேண்டும். அவர்களிடம் அது இரண்டுமே இல்லை. அதை மறைக்கத்தான் "தேவையில்லை" என்றார்கள்.

அக்டோபரில் வீடு எழும்பியது. பார்க்க அவ்வளவு அழகு. பைன் வாசனை, பனிமூட்டம், தூரத்தில் மலை. என் மனைவி வாசலில் கோலம் போட்டுப் பால் காய்ச்சினாள்.

அடுத்த ஜூலையில் கதவு இழுக்கத் தொடங்கியது. மிட்லண்ட்ஸ் குளிர்காலம் வறண்டது, உங்களுக்கே தெரியும். பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இறுகின. ஆகஸ்டில் என் மாமனார் ஊரிலிருந்து வந்தார். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருடம் ஆசாரி வேலை பார்த்தவர். முதல் நாள் காலையில் எழுந்தவர், காபிகூடக் குடிக்காமல் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றிவந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டு, ஐந்து ரேண்ட் நாணயத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்துத் தள்ளினார். தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

"மாப்ளே, பச்சை மரத்த அடுக்கியிருக்காங்க. மரம் காஞ்சா கனத்துலதான் சுருங்கும், நீளத்துல சுருங்காது. படுத்திருக்கிற கட்டை எறங்கும், நிக்கிற தூண் எறங்காது. நிலைக்கு மேல எறங்க எடம் விட்டாங்களான்னு பாருங்க. விடவே இல்ல."

டேப் வைத்துக் காட்டினார். ஜன்னல் நிலைகளைச் சுற்றிலும் சுவரோடு நேரடியாக ஸ்குரு போட்டு முடுக்கியிருந்தார்கள். மேலே இருக்கிற கட்டைகள் இறங்க வழியில்லாமல் நிலையின் தலையில் உட்கார்ந்துவிட்டன. கூரைப் பாரம் முழுக்க ஜன்னல்மேல். அதனால்தான் பக்கத்துக் கட்டைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நின்றன. ஜன்னல் இல்லாத வராந்தாப் பக்கமோ 2.40 மீட்டர் சுவர் 2.35-க்கு வந்திருந்தது. வெளித்தூண்கள் அதே உயரத்தில். வராந்தாக் கூரையின் சரிவு குறைந்து, கோடை மழை சுவரோரம் தேங்கி உள்ளே கசிய ஆரம்பித்தது.

பின்னால் பொறியாளர் சொன்ன கணக்கு இது: காயாத கட்டைச் சுவர், ஓர் அடி உயரத்துக்கு அரை முதல் முக்கால் அங்குலம் வரை இறங்கும். எட்டடிச் சுவருக்கு நான்கு முதல் ஆறு அங்குலம். இது எதிர்பாராத விபத்து இல்லை, வரைபடத்திலேயே இடம் கொடுக்க வேண்டிய விஷயம். கதவு, ஜன்னல் நிலைக்கு மேல் இடைவெளி விட்டு, மரச்சட்டத்தால் மறைக்க வேண்டும். அந்த மரச்சட்டத்தை மேலோ கீழோ ஒரு பக்கம் மட்டுமே ஆணியடிக்க வேண்டும். நிலையின் பக்கவாட்டில் சுவர் வழுக்கி இறங்க வசதி வேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் திருகு ஜாக்கி வேண்டும், சுவர் இறங்க இறங்கத் தூணையும் இறக்குவதற்கு. உள் தடுப்புச் சுவர் கூரையை முட்டக் கூடாது. தண்ணீர்க் குழாய்களும் அசைந்து கொடுக்க வேண்டும். என் நான்கு பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. வெட்டுத்தோற்றம், அதாவது சுவரைக் குறுக்கே வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டும் படம், என்று ஒரு கோடு கிடையாது. உங்களிடம் காட்டும் தாளில் ஜன்னல் நிலையின் வெட்டுத்தோற்றம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மரத்தின் முத்திரையையும் பார்க்கத் தவறாதீர்கள். பதப்படுத்திய மரத்தின் முனையில் எச் எழுத்தும் எண்ணும் இருக்கும். வெளியில், தரைக்கு மேலே நிற்பதற்கு எச்3. மண்ணில் புதைப்பதற்கு எச்4. எங்கள் வராந்தாத் தூண்களை மண்ணில் புதைத்திருந்தார்கள், முத்திரை எச்3.

இன்னொன்று. வீடு கட்டித்தருகிறவர், வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். வேலை தொடங்க 15 நாளுக்கு முன்பே வீட்டையும் அங்கே பதிய வேண்டும். பதிந்திருந்தால் பெரிய கட்டுமானக் குறைக்கு 5 வருடமும், கூரை ஒழுகினால் 12 மாதமும் பாதுகாப்பு உண்டு. வங்கிக் கடன் வாங்கியிருந்தால் வங்கியே இந்தச் சான்றைக் கேட்டிருக்கும். நாங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தோம், கேட்க ஆளில்லை, வீடும் பதியப்படவில்லை. சிறு வழக்கு நீதிமன்றம் 20,000 ரேண்ட் வரைதான் எடுக்கும் என்பதால் வக்கீல் வைத்துத்தான் வழக்குப் போட வேண்டியதாயிற்று.

நிலைகளையெல்லாம் பெயர்த்து, மேலே இடம் விட்டுத் திரும்பப் பொருத்தி, தூண்களை மாற்றி ஜாக்கி வைத்ததில் இதுவரை 2,30,000 ரேண்ட் போயிருக்கிறது. வரைபடம் புதிதாகப் போட்டு நகராட்சியில் கொடுத்திருக்கிறோம். வழக்கு நடப்பதால் கம்பெனி பெயரை இங்கே எழுத முடியவில்லை, பின்னூட்டத்திலும் கேட்காதீர்கள். ஒப்பந்தம் போடும் நிலையில் இருப்பவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். பொறியாளர் வரைந்து கொடுத்த ஜன்னல் வெட்டுத்தோற்றத்தை அனுப்புகிறேன். உங்கள் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.