ஊருக்கெல்லாம் தெரிந்த என் நம்பர், என் காப்புறுதிக்காரருக்கு மட்டும் தெரியாது

கிளிநொச்சியில் ஏ9 ஓரமாக இருக்கிற ஒரு காப்புறுதிக் கிளை, பெயர் வேண்டாம். என் அல்ரோ காருக்கு மூன்று வருடமாக அங்கேதான் முழுக் காப்புறுதி. கவுண்டரில் இருக்கிற பிள்ளைகள் நல்ல மாதிரி, போனால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் முடிகிற திகதியை ஞாபகப்படுத்துவதில் சுத்த மோசம்.

இந்த முறை அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாங்குளத்துக்கும் அங்கேயுமாக அலைந்ததில் திகதியே மறந்துபோனது, கம்பனியிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ் கூட இல்லை. ஆறு நாள் காப்புறுதி இல்லாமலே ஓடியிருக்கிறேன், ராத்திரியில் மாடு படுத்திருக்கிற வீதியில். மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கான காப்புறுதியாவது, இல்லாமல் வண்டியை வீதியில் இறக்குவதே குற்றம், அது இல்லாமல் வண்டிக்கு வருடாவருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.

ஏழாம் நாள் போன் வந்தது, வேறொரு கம்பனியிலிருந்து. "அண்ணை, உங்கட அல்ரோவுக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சுது என்ன, எங்களிட்டப் போடுங்கோ, குறைச்சுத் தாறம்." வண்டி நம்பரையும் சரியாகச் சொன்னார். என் போன் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "சிஸ்டத்தில கிடக்கண்ணை." எந்த சிஸ்டமோ! அப்புறம் இன்னும் இரண்டு பேர், அதில் ஒருவர் இரவு எட்டரைக்கு, அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இப்படி வியாபாரச் செய்தி அனுப்ப நம்முடைய சம்மதம் வேண்டும், வேண்டாமென்றால் செலவில்லாமல் நிறுத்த வழி சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துகிற நாள்தான் தள்ளித் தள்ளிப் போனது. என்னைக் கேட்டால், காசு வாங்கிய கம்பனி இரண்டு கிழமைக்கு முன் ஒரு எஸ்எம்எஸ், கடைசி நாள் ஒரு போன், முடிந்த பிறகும் "இண்டைக்கு வண்டி எடுக்காதேங்கோ" என்று இன்னொரு போன் எடுக்கட்டும், கோபிக்கவே மாட்டேன். நான் காசு கட்டாத ஆளுக்கு என் திகதி எதற்கு?

கிளைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கிடந்தது நான் எப்போதோ விட்ட பழைய நம்பர். போன வருடப் படிவத்தில் புதியதை எழுதிக் கொடுத்திருந்தேன், ஒருவரும் மாற்றவில்லை. இடையில் விட்டுப்போனதால் வண்டியைச் சுற்றிப் படமெடுத்துத்தான் புதுப்பித்தார்கள், அரை நாள் போனது.

ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அதுவும் அந்தப் பிள்ளைகளுக்காக. அங்கேயேதான் திரும்பவும் போட்டேன், விட்டுப் போனால் அந்த எட்டரை மணிக்காரரிடமல்லவா போக வேண்டும்.