டிரிப் பாக்ஸ்: சில்லர் ஓடும் தொட்டி என்றால் வாங்கலாம்

கடையிலிருந்து வரும் புதுக் கடல்மீனை நம் தொட்டித் தண்ணீருக்கு மெதுவாகப் பழக்குவதற்கென்றே ஒரு டப்பா விற்கிறார்கள், டிரிப் பாக்ஸ் என்று. ஆன்லைனில் 20 வெள்ளிக்குள் கிடைக்கும், பிராண்டு பெயர் எதுவும் கிடையாது. தெளிவான அக்ரிலிக், 2 லிட்டர் பிடிக்கும், கண்ணாடி விளிம்பில் மாட்ட இரண்டு கொக்கி, மெல்லிய சிலிக்கான் குழாய், மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றும்போது இருக்குமே அதேபோல உருட்டும் வால்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொட்டியில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஓடுகிறதா, வாங்குங்கள். இல்லையா, ஒரு வாளியும் ஏர் பம்ப் குழாயும் போதும், காசைச் சேமித்து ரிஃப்ராக்டோமீட்டர் (தண்ணீரின் உப்பளவு பார்க்கும் கருவி) வாங்குங்கள்.

காரணம் நம் சிங்கப்பூர் வெப்பம்தான். வெளிநாட்டு வீடியோக்களில் பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்துவிட்டு, மீனைப் பைத் தண்ணீரோடு வாளியில் ஊற்றி, அதில் ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அங்கே குளிரூரில் அது வேறு கதை. இங்கே வீவக வீட்டு ஹாலில் மதியம் 30 டிகிரி சாதாரணம், சில்லர் ஓடும் தொட்டி 26-ல் இருக்கும், அதனால் மிதக்கவிட்டு 26-க்குக் கொண்டுவந்த தண்ணீர் வாளியில் நிற்க நிற்க மறுபடியும் ஏறிவிடுகிறது, கடைசியில் மீனைத் தொட்டியில் விடும்போது அதற்கு இன்னொரு அதிர்ச்சி. டிரிப் பாக்ஸ் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்திருப்பதால் முழு நேரமும் தொட்டியின் சூட்டிலேயே இருக்கிறது. தெர்மாமீட்டரை உள்ளே போட்டுப் பார்த்தேன், கடைசி வரை அசையவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இது பிடித்துப்போனது.

இன்னொரு நல்ல குணம், இது வழியாது. குழாயின் ஒரு முனை தொட்டியில், மறுமுனை டப்பாவில். டப்பாவுக்குள் தண்ணீர் மட்டம் தாழ்வாக இருக்கும்வரை சைஃபன் ஓடும், இரண்டு மட்டமும் சமமானதும் தானே நின்றுவிடும். வழிந்தால் கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போய்விடும், அது கலக்கவே கூடாது. மீன் மட்டும் வைக்கும் தொட்டிகளில் பல கடைகள் தாமிர மருந்து போடுவார்கள், அது இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். ஆனால் டப்பாவைச் சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) மாட்டி மேல் தொட்டியிலிருந்து குழாய் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், நிற்காமல் ஓடி வழிந்துவிடும், கவனம்.

இப்போது குறை. கொக்கி டப்பா கீழே விழாமல் பிடிக்கும், ஆனால் தண்ணீருக்குள் பாதி காலியாக இருக்கும் டப்பா கீழே விழாது, மேலேதான் தள்ளும்! அரை லிட்டர் பைத் தண்ணீரோடு அமுக்கினால் ஒரு கிலோவுக்கும் மேலான விசையில் எழும்பி ஒரு பக்கமாகச் சாய்கிறது. கூட வரும் உறிஞ்சுக் குமிழ்கள் இரண்டும் வழவழப்பான கண்ணாடியில்கூட நிற்கவில்லை. இதைச் செய்தவர்கள் ஒருமுறையாவது தொட்டியில் வைத்துப் பார்த்தார்களா தெரியவில்லை. ஹார்டுவேர் கடையில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்கி விளிம்போடு சேர்த்து இறுக்கினால் அசையாது. மூடியும் சும்மா மேலே உட்காருகிறது, ராஸ், ஃபயர்ஃபிஷ் மாதிரி துள்ளும் மீனுக்கு அது போதாது, மேலே கனமாக ஏதாவது வையுங்கள். ரூம் விளக்கை அணைத்துவிட்டால் மீன் இன்னும் அமைதியாக இருக்கும்.

கூட வரும் தாளில் வினாடிக்கு 2 சொட்டு என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு, அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 360 மில்லிதான். அரை லிட்டர் பைத் தண்ணீரோடு அவ்வளவு சேர்த்தால் உப்பளவு தொட்டியின் அளவை நோக்கிப் பாதித் தூரம்கூட நகராது. நான் ஆரம்பத்தில் சொட்டாகவும் கால் மணி நேரம் கழித்து மெல்லிய தாரையாகவும் விடுகிறேன், மட்டம் ஏற ஏற ஓட்டம் தானாகக் குறையும் என்பதால் வால்வை இடையிடையே திறந்துவிட வேண்டும். அரை லிட்டர் 2 லிட்டரானால் வித்தியாசத்தில் முக்கால் பங்கு சரியாகிவிடும்.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல். செராங்கூன் நார்த் பக்கமோ எங்கேயோ மீன் வாங்கும்போது, தண்ணீர் உப்பு எவ்வளவு என்று கடைக்கார அங்கிளிடம் கேளுங்கள், வீட்டுக்கு வந்ததும் பைத் தண்ணீரில் ஒரு துளி எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். உப்பளவைத் தண்ணீரின் ஒப்படர்த்தியாகச் சொல்வார்கள், பவளத் தொட்டி வழக்கமாக 1.025. பைத் தண்ணீர் 1.023 என்றால் டிரிப் பாக்ஸ் அருமையாக வேலை செய்யும். ஆனால் ஒட்டுண்ணியை அடக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் சில கடைகள் 1.019 அளவில் வைத்திருப்பார்கள், அவ்வளவு தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது மீனுக்குக் கொடுமை. உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், ஏறுவதைத்தான் தாங்காது. அப்போது குவாரண்டைன் தொட்டியையே (புது மீனை முதலில் வைக்கும் தனித்தொட்டி) கடையின் அளவுக்கு இறக்கி வைத்து, மீனை விட்டபின் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதற்கு எந்த டப்பாவும் தேவையில்லை.

அதேபோல, அன்றைக்குத்தான் விமானத்தில் வந்து இறங்கிய, பை இன்னும் பிரிக்காத மீனை வாங்கினால் இதைத் தொடவே தொடாதீர்கள். நெடுநேரம் மூடிய பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும், கூடவே மீன் விடும் கார்பன் டை ஆக்சைடால் பிஎச் இறங்கியிருப்பதால் அந்த அம்மோனியா அதிகம் கடிக்காது. பையைத் திறந்து சொட்டு விட ஆரம்பித்ததும் பிஎச் ஏறி அந்த அம்மோனியா விஷமாக மாறும், மீன் அதிலேயே ஒரு மணி நேரம் நிற்கும். சூட்டை மட்டும் சமன் செய்து, முன்பே அதே உப்பளவில் தயாராக வைத்த தண்ணீருக்குச் சட்டென்று மாற்றிவிடுவதே நல்லது. பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீடு சேரும் மீனுக்கு இந்தப் பயம் இல்லை.

டிரிப் பாக்ஸ் வெள்ளைப் புள்ளி நோயையும் தடுக்காது. நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டி வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தத் தனித்தொட்டி சில்லர் இல்லாமல் மின்விசிறியோடு 29 டிகிரியில் இருந்தால், ஹால் சூடும் அதன் சூடும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வாளியே போதும்.

வாங்குகிறவர்கள் 1 லிட்டர் சைஸை எடுக்காதீர்கள், பைத் தண்ணீரிலேயே பாதி நிரம்பிவிடும். ஒவ்வொரு தடவையும் குழாய், வால்வு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி முழுதாகக் காயவிடுங்கள், உப்பு உறைந்துவிட்டால் அந்த வால்வு அப்புறம் உருளாது.