ஆல்ப்ஸ் ஏறிய சண்டே மார்க்கெட் ஜெர்கின்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் 350 ரூபாய்க்கு வாங்கிய ஜெர்கின் இது. பிரான்சில் என்னைப் பார்க்க வந்த முத்தியால்பேட்டை நண்பன் அதைத்தான் மாட்டிக்கொண்டு வந்தான். கூட இன்னும் இரண்டு பேர். ஆல்ப்ஸ் மலையடிவார ஊரான ஷாமோனியில் பல்சக்கர ரயில் ஏறினோம். 1913 மீட்டர் உயரத்து மோந்தான்வேர் நிலையத்துக்கு 20 நிமிடம். மரங்கள் விலகியதும் ஜன்னல் முழுக்கப் பனிமலை. ஓயாமல் பேசுகிறவன் வாயை மூடிக்கொண்டான். மேலே போய்ப் பார்த்தால் பனியாறு கற்களும் மண்ணும் மூடி, எங்கோ பள்ளத்தில் கிடக்கிறது. முன்பு எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று பாறையில் பலகை வைத்திருக்கிறார்கள்.

சரி, ஜெர்கின். குளிர் தாங்கியது. ஜிப்தான் பாதியில் மாட்டிக்கொண்டது. ஊக்கு குத்திச் சமாளித்தோம். போன ஞாயிறு ஊரில் அதே நடைபாதைக் கடையைத் தேடிப்பிடித்து எனக்கும் ஒன்று வாங்கினேன். பேரம் பேசினால் 300க்குத் தருகிறார்கள். ஜிப்பை மட்டும் நாலு தடவை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.