ப்ளூபுக் செயலி: கோடை ஆங்கில வகுப்புக்கு எவ்வளவு உதவும்?

அப்வர்ட் பவுண்ட் போன்ற அமெரிக்கக் கோடைத் திட்டங்களில், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கக் கிடைப்பது ஐந்தாறு வாரம்தான். அதற்குள் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கும் தயார்செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் அந்தத் தேர்வே, அதை நடத்தும் காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில்தான் நடக்கிறது. மாதிரித் தேர்வுகளும் அதிலேயே, இலவசமாக.

முதலில் சாதனம். ஃபோனில் ஓடாது. விண்டோஸ், மேக், ஐபேட் சரி. குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினி) என்றால் பள்ளி நிர்வகிப்பதாக இருக்க வேண்டும். சொந்தக் குரோம்புக்கில் வேலைக்கு ஆகாது. ஜூனில் பள்ளிக் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் யார் யார் என்று முதல் நாளே கணக்கெடுங்கள். நடுவில் வைஃபை போனால் பதற வேண்டாம்: தொடங்கவும் விடைகளை அனுப்பவும்தான் இணையம் தேவை.

வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 54 கேள்வி, 64 நிமிடம். 27 கேள்விகள் கொண்ட இரண்டு பாகம். முதல் பாகம் எப்படிப் போகிறதோ அதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். முதல் பாகத்தைத் தூக்கக் கலக்கத்தில் செய்தால், இரண்டாவதில் எவ்வளவு முயன்றாலும் மதிப்பெண் ஓரளவுக்கு மேல் ஏறாது. மாதிரித் தேர்வைக் காலை உணவுக்குப் பிறகு வையுங்கள்.

செயலி உண்மையிலேயே கைகொடுப்பது நிறுத்தக்குறியில். ‘மழை வந்தது, ஆட்டம் நின்றது’ என்று தமிழில் எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டினால் பிழை. மாணவர்கள் மூச்சு விடும் இடத்திலெல்லாம் கமா போடுகிறார்கள். காதை நம்புவதுதான் கோளாறு. கமாவை விரலால் மறைத்து, இரண்டு பக்கமும் தனித்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, அல்லது கமாவோடு ‘அண்ட்’, ‘பட்’ போன்ற ஒரு சொல். ‘ஹவெவர்’ அந்த வரிசையில் சேராது. பாதிப் பேர் சறுக்குவது அங்கேதான்.

குறை பெரியது. ஒவ்வொரு பத்தியும் 25 முதல் 150 சொல், அதற்கு ஒரே கேள்வி. கல்லூரியில் ஒரே இரவில் இருபது பக்கம் வாசிக்கச் சொன்னால் இந்தப் பயிற்சி காணாது. பகுதியின் பெயரில்தான் எழுத்து; எழுதவோ ஒரு வரிகூட இல்லை. கல்லூரி விண்ணப்பத்துக்கு வேண்டிய, 650 சொல்லுக்குள் அடங்கும் கட்டுரையை நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை வாசிப்பு, ஒரு பக்க எழுத்து என்று கூடவே வைக்காவிட்டால், இது ஆங்கில வகுப்பாக இருக்காது, தேர்வுப் பட்டறையாகிவிடும்.

மாதிரித் தேர்வுகளை வாரம் ஒன்றாகக் கரைக்காதீர்கள். முதல், மூன்றாம், ஆறாம் வாரங்களில் ஒவ்வொன்று போதும். மறுநாள், விளக்கத்தைத் திறக்கும் முன்பே, தாங்கள் தேர்ந்த தவறான விடை ஏன் சரிபோலத் தெரிந்தது என்று ஒரு வரி எழுத வையுங்கள்.