ரேமா, எஸ்எஸ்டியா: பழைய கணினிக்கு எது முதலில்?

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்பதற்காக நெல்லை வண்ணார்பேட்டையின் கணினிக் கடைகளுக்குப் புறப்படுகிறவர்கள், அதற்கு முன் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துவிடுவது நல்லது. அதில் மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம், அதாவது திறந்திருக்கும் செயலிகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், போதவில்லை. மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் குறை பெரும்பாலும் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கில்தான்; அதன் இடத்தில் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பொருத்தலாம்.

வேகம்
ரேம்: பல செயலிகளை ஒன்றாகத் திறந்துவைக்க உதவும்; கணினி தொடங்கும் நேரத்தை அதிகம் குறைக்காது.
எஸ்எஸ்டி: ஹார்டு டிஸ்க்கைப் போலவே சாட்டா இணைப்பில் பொருந்தும் வகையே விநாடிக்குச் சுமார் 500 மெகாபைட் படிக்கும், ஹார்டு டிஸ்க் பொதுவாக 200ஐத் தாண்டாது.

எளிமை
ரேம்: பத்து நிமிட வேலை, ஆனால் ரேமில் தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 தலைமுறைக்கான மதர்போர்டில் டிடிஆர்4 பொருந்தாது.
எஸ்எஸ்டி: விண்டோஸை நகலெடுக்கவோ புதிதாக நிறுவவோ வேண்டும்.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை நம் ஊர் ஆடிக் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். புழுதி படிந்து ரேம் தொடர்பு விட்டுப்போனால் திரையே வராது. மின்இணைப்பைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் முனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்துப் பொருத்தினாலே பலமுறை சரியாகிவிடும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லாததால் அது அதிர்வைத் தாங்கும். ஆனால் திடீரென்று செயலிழந்தால் கோப்புகளை மீட்பது மிகக் கடினம் என்பதால், குடும்பப் படங்களுக்குத் தனிப்படி கட்டாயம் வேண்டும்.

4 ஜிபி ரேமோடு திணறும் கணினிக்கு முதலில் ரேமையும், 8 ஜிபி இருந்தும் தொடங்கவே ஐந்து நிமிடம் எடுக்கும் கணினிக்கு எஸ்எஸ்டியையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.