ஒரே எழுத்துகள், ஒரே பொருளா? ஆங்கிலச் சொற்களைக் கூட்டமாகப் படிக்கும் வழிகள்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கக் கிளம்பும் பலருக்கும் முதலில் கையில் கிடைப்பது அகரவரிசைப் பட்டியல். சி-ஏ என்று தொடங்கும் பக்கத்தைத் திறந்தால் கேண்டிட் (ஒளிவுமறைவில்லாத), கேனைன் (நாய் சார்ந்த), கேப்சைஸ் (படகு கவிழ்வது), கரெஸ் (அன்போடு வருடுவது) என்று வரிசைகட்டி நிற்கும். முதல் இரண்டு எழுத்தைத் தவிர இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லைத் தேட அகரவரிசை நல்லது. மனத்தில் நிறுத்த அதை நம்பிப் பயனில்லை.

எழுத்து ஒற்றுமையை வைத்தே படிக்க வேறு வழிகள் உண்டு. அவற்றில் என் ஓட்டு வேர்ச்சொல் வழிக்குத்தான்.

'ஸ்பெக்ட்' என்ற எழுத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 'பார்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. உள்ளே பார்ப்பது இன்ஸ்பெக்ட், அதாவது சோதனையிடுவது. பார்த்துக்கொண்டிருப்பவர் ஸ்பெக்டேட்டர். பின்னோக்கிப் பார்ப்பது ரெட்ரோஸ்பெக்ட். முன்னால் தெரிவது ப்ராஸ்பெக்ட், அதாவது வருங்கால வாய்ப்பு. இப்போது 'சர்கம்ஸ்பெக்ட்' என்ற சொல் முதல்முறையாகக் கண்ணில் படுகிறது என்று வையுங்கள். சர்கம் என்றால் சுற்றி; வட்டத்தின் சுற்றளவைச் சொல்லும் சர்கம்ஃபரன்ஸிலும் அதே சர்கம்தான். சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர், ஆகவே முன்யோசனைக்காரர். அகராதியைத் தொடாமலேயே பொருள் கிடைத்துவிட்டது. மற்ற வழிகளில் இந்த வசதி அரிது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. பி-இ-டி என்ற எழுத்துகள் பெடலிலும், பாதசாரியான பெடஸ்ட்ரியனிலும் காலைக் குறிக்கும் லத்தீன் வேர். அதை வைத்துக்கொண்டு பீடியாட்ரிஷியன் கால் வைத்தியர் என்று முடிவு கட்டினால் போச்சு, அவர் குழந்தை மருத்துவர். அங்கே இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் பி-க்குப் பிறகு ஏ-இ என இரண்டு எழுத்து வந்து வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கர்கள் அந்த ஏ-யை எடுத்துவிட்டதால் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. 'ஹோமோ' கதையும் இதுதான். கொலையைக் குறிக்கும் ஹோமிசைடில் அது லத்தீன் 'மனிதன்'. ஒரே தன்மையான என்று பொருள்படும் ஹோமோஜீனியஸில் கிரேக்க 'ஒரே'.

அடுத்த வழி ரசனையானது. சில சொற்களுக்குப் பொதுவான வேர் இருக்கிறதோ இல்லையோ, தொடக்க ஒலியே ஒரு பொருளைச் சுமப்பது போலத் தோன்றும். மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930-ல் இதற்கு ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார். எஸ்-என் என்று தொடங்குபவை மூக்கைச் சுற்றியே வரும்: ஸ்னீஸ் தும்மல், ஸ்னிஃப் மோந்து பார்ப்பது, ஸ்னோர் குறட்டை, ஸ்னவுட் விலங்கின் நீண்ட மூக்கு. ஜி-எல் என்றால் ஒளி. ஆனால் எல்லாம் ஒரே ஒளி இல்லை. தணல் போல நின்று ஒளிர்வது க்ளோ. கத்தி முனையில் ஒரு கணம் பளிச்சிடுவது க்ளிண்ட். நனைந்த பரப்பு மினுமினுப்பது க்ளிசன். தூரத்தில் மங்கலாக நடுங்கித் தெரிவது க்ளிம்மர். சிறுசிறு புள்ளிகளாக மின்னுவது க்ளிட்டர். கதை படிப்பவருக்கு இந்த நுணுக்கம் தெரிந்தால் வர்ணனைகள் வேறு மாதிரி திறக்கும்.

ஆனால் புதுச் சொல்லை ஊகிக்க இந்த வழி உதவாது. பசையைக் குறிக்கும் க்ளூவும் கையுறையான க்ளவ்வும் ஜி-எல்தான், ஒளிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நத்தையான ஸ்னெயிலுக்கு மூக்கோடு என்ன வேலை? இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வகைப் பொருளுள்ள புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தால், தொடர்பில்லாத சொற்களைப் படிப்பதைவிட மெதுவாகவே மனத்தில் பதிகின்றன என்று தாமஸ் டிங்கம் 1993-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஜி-எல் கூட்டத்திலோ பொருளும் நெருக்கம், ஒலியும் நெருக்கம். ஐந்தையும் ஒரே மூச்சில் படிக்காமல், வாசிப்பில் எதிர்ப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வதே மேல்.

கடைசி வழி, ஓரெழுத்தில் மாறும் இரட்டையர்களை அருகருகே வைத்துப் படிப்பது. தேர்வு நூல்களுக்கு இதில் தனிப் பிரியம். அடாப்ட் என்று தமிழில் எழுதினால் எது என்றே தெரியாது. நடுவில் ஏ வந்தால் சூழலுக்கேற்ப மாறிக்கொள்வது, ஓ வந்தால் தத்தெடுப்பது. அதே இடத்தில் இ வந்தால் அடெப்ட், கைதேர்ந்தவர். மூன்றும் புதிது என்றால் இப்படிச் சேர்த்துப் படிக்கவே கூடாது, குழப்பம்தான் மிஞ்சும். ஒன்று நன்றாகப் பழகிய பிறகு மற்றதைத் தொடலாம். ஏற்கெனவே குழம்பியவர்களுக்கு மட்டும் இது நல்ல மருந்து.

அந்த மருந்திலும் கொஞ்சம் வேரைக் கலந்தால் பலன் கூடும். ஸ்டேஷனரி என்று இரண்டு சொல் உண்டு. ஏ-ஆர்-ஒய் என முடிவது அசையாமல் நிற்பது, இ-ஆர்-ஒய் என முடிவது எழுதுபொருள். எழுதுபொருள் விற்பவர் ஸ்டேஷனர், அவர் விற்பது ஸ்டேஷனரி. பேக்கரிலிருந்து பேக்கரி வந்ததைப் போலவே. இது தெரிந்தவருக்கு எந்த இடத்தில் இ போடுவது என்ற சந்தேகம் வராது.